குருவி தலையில் பனங்காய்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. வயல் கீழே இருந்தாலும் நம்மில் பலருக்குக் கூலி மேலே இருக்கிறது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஜீப்புகள் மலையேறுகின்றன. பொழுது சாயும் வேளையில் இறங்குகின்றன. ஆகவே மோட்டார் வண்டியின் வலுவைப் பற்றிய பேச்சு நமக்குப் பொழுதுபோக்கு அன்று. அது சோற்றைப் பற்றிய பேச்சு.

அண்மைக் காலமாக நம் பகுதிப் பட்டறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் இளைஞர்கள் நாவில் அடிக்கடி புரளும் சொல் ஒன்று உண்டு. அதுதான் 'டர்போ'. பழைய சிறு கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குவது, அதன் பெட்ரோல் எஞ்சினில் ஒரு டர்போவை மாட்டுவது, பிறகு போடிமெட்டுச் சாலையில் பெரிய கார்களை முந்திச் செல்வது. இதுவே பலருடைய கனவாக இருக்கிறது. கனவு காண்பது குற்றமன்று. ஆனால் அந்தக் கனவுக்கு வட்டிக்கு வாங்கிய பணமும், சில வேளைகளில் உயிரும் விலையாகிறபோது, விஞ்ஞானம் படிக்கிற நாம் வாய்மூடி இருத்தல் முறையாகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ ஓர் அருமையான கண்டுபிடிப்பு. அதற்கென்றே செய்யப்பட்ட எஞ்சினில் அது இருக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கென்று செய்யப்படாத சிறு கார் எஞ்சினில் பட்டறையில் வைத்து அதை ஒட்டவைப்பது குருவி தலையில் பனங்காயை வைப்பதாகும். நம் மலைச் சாலைக்கு அது தேவையும் இல்லை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டர்போ என்பது யாது?

எஞ்சின் உண்பது பெட்ரோலை மட்டும் அன்று, காற்றையும் உண்கிறது. உண்மையில் காற்றைத்தான் மிகுதியாக உண்கிறது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. எனவே ஓர் எஞ்சினின் வலுவைக் கூட்ட வேண்டுமானால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றினால் மட்டும் போதாது. காற்றைக் கூடுதலாகப் புகட்ட வேண்டும்.

சாதாரண எஞ்சின் தானாகவே மூச்சு இழுக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தில் வெளிக்காற்று புகுகிறது. எவ்வளவு இழுத்தாலும் சிலிண்டரின் கொள்ளளவுக்கு மேல் இழுக்க முடியாது. டர்போ இந்த எல்லையை உடைக்கிறது. சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகையில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழலவிடுகிறார்கள். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது என்பதை நாம் வெப்ப இயக்கவியல் பாடத்தில் படிக்கிறோம். அந்த வீண் ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டு வேலை வாங்குவதே டர்போ. அதன் சக்கரம் நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பூஹி என்னும் பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாய்ப் போவதைப் பார்த்து அவர் மனம் பொறுக்கவில்லை போலும்! எனினும் அவர் எண்ணம் நல்ல முறையில் கைகூட 20 ஆண்டுகள் பிடித்தன. 1925-இல்தான் டீசல் எஞ்சின் ஒன்றின் வலுவை டர்போவால் 40 சதவிகிதம் வரை உயர்த்திக் காட்டினார். இன்று இது நமக்கு வெளிநாட்டுச் சரக்கும் அன்று. 1982-இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் நம் தமிழ்நாட்டிலேயே டர்போக்களைச் செய்து வருகிறது.

மலைக்கு டர்போ வேண்டும் என்போர் வாதம்

டர்போவை விரும்புவோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது நாம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எஞ்சினின் வலுவும் அதே அளவு குறையும். மலைக்கு மேலே போகப் போக வண்டி திணறுவதாக ஓட்டுநர்கள் சொல்வது வெறும் பிரமையன்று, அது பௌதிகம்.

இதற்கு டர்போ நல்ல மருந்து என்பதும் நிரூபிக்கப்பட்ட உண்மை. 1918-இல் சான்ஃபோர்டு மாஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். தரையில் 350 குதிரைத்திறன் அளவுக்குத் தந்த அந்த எஞ்சின் மலையுச்சியில் 230 குதிரைத்திறனையே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் மீண்டும் 350-ஐத் தாண்டியது. இழந்த மூச்சை டர்போ மலையுச்சியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது.

அப்படியானால் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஏறும் நம் சிறு கார்களுக்கு மட்டும் அது ஏன் ஆகாது? இக்கேள்விக்கு விடை சொல்ல, குருவியின் கழுத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டும்.

குருவியின் கழுத்து

சைக்கிளுக்குக் காற்றடித்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. நாலு முறை அழுத்தியதும் பம்பின் அடிப்பகுதி சுடுகிறது அல்லவா? காற்றை அமுக்கினால் சூடேறும். டர்போவிலும் அதுவே நடக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் நுழையும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் அது 80 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. இந்தச் சூடான, நெருக்கமான காற்றை எஞ்சின் தன் சிலிண்டருக்குள் மறுபடியும் பல மடங்கு அமுக்குகிறது. விளைவு, பிளக் பொறி விடுவதற்கு முன்போ, தீ முழுதும் பரவுவதற்கு முன்போ, மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. இதைத்தான் நம் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். சுத்தியலால் தட்டுவது போன்ற அந்த ஓசை பிஸ்டனின் மரண ஓலம். நாளடைவில் கேஸ்கட் போகும், பிஸ்டன் ஓட்டையாகும், கனெக்டிங் ராடு வளையும்.

இதைத் தடுக்க டர்போவுக்கென்று செய்யும் எஞ்சின்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்து வைக்கிறார்கள். பிஸ்டனை உறுதியாகச் செய்கிறார்கள். அமுக்கிய காற்றைக் குளிர்விக்க இண்டர்கூலர் வைக்கிறார்கள். டர்போவின் அச்சுக்குத் தனியே எண்ணெய் ஓட்டம் தருகிறார்கள். எப்பொழுது எவ்வளவு பெட்ரோல், எப்பொழுது பொறி என்பதைப் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். இவ்வளவும் சேர்ந்ததே டர்போ எஞ்சின். இவற்றை விட்டுவிட்டு இரண்டு சக்கரங்களை மட்டும் மாட்டுவது, மாப்பிள்ளை இல்லாமல் ஊர்வலம் விடுவது போன்றதே.

பெரிய நிறுவனங்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டதுண்டு. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 1962-இல் ஜெட்ஃபயர் என்ற காரை டர்போவுடன் வெளியிட்டது. அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் உயர்வாகவே வைத்துவிட்டதால் நாக்கிங் வராமல் தடுக்கத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள், தொல்லைகள் பெருகின. 1963-உடன் அந்தக் கார் நின்றது. பலர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக்கொண்டனர்.

'ஜப்பான்காரன் செய்யவில்லையா?' என்று பட்டறைகளில் கேட்பார்கள். செய்தான், மறுக்கவில்லை. நம் மாருதி 800-க்கு உறவான சுசுகி ஆல்ட்டோவில், 1987-இல் வெறும் 543 சி.சி. எஞ்சினிலிருந்து டர்போவின் உதவியால் 64 குதிரைத்திறனைப் பெற்றார்கள். 796 சி.சி. கொண்ட நம் மாருதி 800 தந்ததோ 37 குதிரைத்திறன் அளவே. ஆனால் சுசுகி என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். சிலிண்டருக்கு 4 வால்வுகள், மேலே இரட்டைக் கேம் ஷாஃப்ட், இண்டர்கூலர் என்று எஞ்சினின் தலையையே மாற்றி அமைத்தது. பனங்காயைச் சுமப்பதற்கென்றே வேறொரு பறவையை வளர்த்தார்கள். குருவியின் தலையில் ஏற்றவில்லை.

லாரிக்குப் பொருந்துவது காருக்குப் பொருந்தாதா?

இன்னொரு மயக்கமும் நிலவுகிறது. நம் சாலைகளில் ஓடும் லாரிகளிலும் டீசல் ஜீப்புகளிலும் டர்போ இருக்கிறது. அவை ஆண்டுக்கணக்கில் நன்றாக உழைக்கின்றன. ஆகவே பெட்ரோல் காரிலும் உழைக்கும் என்று எண்ணுகிறார்கள்.

டீசல் எஞ்சின் அமுக்குவது காற்றை மட்டுமே. எரிபொருள் கடைசி நொடியில்தான் உள்ளே பீச்சப்படுகிறது. ஆகவே முன்கூட்டியே வெடிக்க அங்கே ஒன்றுமில்லை. மேலும் கடும் அழுத்தத்தைத் தாங்கும்படி அதன் உடம்பே கனமாகச் செய்யப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினோ காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையையே அமுக்குகிறது. இதில் எல்லை மீறினால் ஆபத்து. இருவருக்கும் பெயர் எஞ்சின்தான், உடல்வாகு வேறு.

எங்கள் உறவினர் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் பெரியப்பா மகன் ஓர் 800 சி.சி. பழைய கார் வைத்திருந்தார். வாடகைக்கு மலையேறும் வண்டி அது. ஒரு பட்டறையில் 70,000 ரூபாய் செலவில், டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவை அதில் பொருத்திக் கொடுத்தார்கள். அந்த டர்போ இந்தச் சின்ன எஞ்சினுக்கு மிகப் பெரிது. கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டர்போவைச் சுழற்றப் புகை போதவில்லை. வலு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. வளைவு தாண்டி நேர்ச் சாலைக்கு வந்ததும், வேண்டாத இடத்தில், வண்டி திடீரென்று பாய்ந்தது. இரண்டு மாதம் ஓடியது. பிறகு பிஸ்டன் உருகி வண்டி நின்றது. அந்த 70,000 ரூபாயில் பாதி வட்டிக்கு வாங்கியது. அண்ணன் இன்றும் அடைத்துக்கொண்டிருக்கிறார்; கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

கோயம்புத்தூர் காட்டிய வழி

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாட்டா மோட்டார்ஸும் சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. என்ற காரை வெளியிட்டன. சாதாரண டியாகோ சிக்கனத்திற்குப் பெயர் பெற்ற சிறு கார். அதன் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 85 குதிரைத்திறன் தருவது. ஜே.டி.பி.யில் அதே கொள்ளளவுள்ள டர்போ எஞ்சின் 114 குதிரைத்திறன் தந்தது.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். கியர் விகிதங்களை மாற்றினார்கள். சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கினார்கள். பெரிய சக்கரங்களையும் அதற்கேற்ற டயர்களையும் போட்டார்கள். 30 குதிரைத்திறன் கூடினால் காரின் கால்களும் கூடுதல் வலுப்பெற வேண்டும் என்பது பந்தயக் கார் செய்து பழகிய கோவைக்காரர்களுக்குத் தெரியும். இவ்வளவு செய்தும் அந்தக் கார் நெடுநாள் நீடிக்கவில்லை. 2020-இல் பி.எஸ்.6 புகைவிதி வந்தபோது விற்பனை நின்றது. பெரும் நிறுவனமும் தேர்ந்த பொறியாளர்களும் சேர்ந்து செய்ததற்கே இந்தக் கதி என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பட்டறையில் முடிக்கிற வேலையா இது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சரி, உண்மையிலேயே மலையேற எவ்வளவு வலு வேண்டும்? இதை யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. பதினோராம் வகுப்புப் பௌதிகமே இதற்குப் போதும்.

காரும் நான்கு பேரும் மூட்டை முடிச்சும் சேர்த்து 1,000 கிலோ என்று கொள்வோம். 15 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் சரிவு. மலைச் சாலைக்கு ஏற்ற வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அப்போது வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 0.56 மீட்டர் உயர்கிறது. அதற்கு வேண்டிய திறன் ஏறத்தாழ 5,400 வாட். டயர் உராய்வுக்கு இன்னொரு 1,200 வாட் சேர்த்தாலும் மொத்தம் 6,700 வாட்டுக்குள் அடங்கும். அதாவது 9 குதிரைத்திறன்!

37 குதிரைத்திறன் உள்ள சிறு கார் போடிமெட்டின் மெலிந்த காற்றில் எட்டில் ஒரு பங்கை இழந்தாலும் 32 மிஞ்சுகிறது. கியர்களிலும் அச்சுகளிலும் கொஞ்சம் வீணானாலும், தேவையைப் போல் இரண்டு மூன்று மடங்கு கையில் இருக்கிறது. பிறகு ஏன் வண்டி திணறுகிறது? எஞ்சின் சிறியது என்பதால் அன்று. காற்று வடிகட்டியில் அழுக்கு, தேய்ந்த பிளக், சரிபார்க்காத வால்வு இடைவெளி, நழுவும் கிளட்ச், காற்றுக் குறைந்த டயர், நான்கு பேருக்குரிய வண்டியில் எட்டுப் பேர், இரண்டாம் கியரில் ஏற வேண்டிய இடத்தில் மூன்றாம் கியர். நோய் இங்கே இருக்க, மருந்தை வேறெங்கோ தேடுகிறோம். டர்போவுக்கு ஆகும் செலவில் சிறு பகுதி போதும், இவ்வளவையும் சீர்செய்ய.

ஏறுவது பாதி, இறங்குவது மீதி

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பின் ஓட்டுநர். நான் டர்போவைப் பற்றிப் படித்ததை அவரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "ஏறுறது வண்டி வேலைப்பா. இறங்குறதுதான் டிரைவர் வேலை."

எட்டாம் வகுப்போடு நின்றவர் சொன்ன அந்தச் சொல்லை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 1,000 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிட வேண்டிய ஆற்றல் 98 லட்சம் ஜூல். இது முழுதும் வெப்பமானால் 33 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். இரண்டு பெரிய குடம் தண்ணீர்! இதில் ஒரு பங்கை டயர்களின் உராய்வு ஏற்றுக்கொள்ளும். மீதியை யார் ஏற்பது? கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை ஏற்கும். இல்லையேல் அத்தனையும் பிரேக்கின் தலையில் விழும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 3' வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது என்பது அதன் தர அளவு. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதித்தால் பெடல் மட்டும் கீழே போகும், வண்டி நிற்காது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று நாம் செய்தித்தாளில் படிப்பதற்குப் பின்னால் இந்தச் சிறு பௌதிகமும் இருக்கக்கூடும்.

டர்போ இவ்விடத்தில் ஓர் அணுவளவும் உதவாது. வண்டியை மேலே விரைவாகத் தூக்கிச் செல்லும். கீழே இறக்க அதனால் ஆகாது. மாறாக, வேகப் பழக்கத்தை உண்டாக்கும். வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 37 குதிரைத்திறனுக்கென்று வைத்த பிரேக்கும் டயரும் 60 குதிரைத்திறனின் வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்? 2022 டிசம்பரில் சபரிமலைக்குச் சென்று திரும்பிய நம் மாவட்டத்து மக்கள் 8 பேர் குமுளி மலைச் சாலையில் கார் பள்ளத்தில் கவிழ்ந்து மாண்டதை நாம் மறக்கவில்லை. அதன் காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

சட்டமும் இடங்கொடாது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. எரிவாயுவில் ஓடும்படி மாற்றுவதற்கு அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. விருப்பம்போல் மாற்றிக்கொள்ள வழியில்லை. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த திருத்தம், இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் வம்பு வரும். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஏழைக் குடும்பம் இதைத் தாங்குமா?

நாம் செய்யக்கூடியது என்ன?

இவ்வளவும் எழுதியது நம் பட்டறைக்காரர்களைப் பழிப்பதற்காக அன்று. ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் கைகள் அவர்களுடையவை. அவர்களுக்கு இல்லாதது கணக்கு. நமக்கு இருப்பதோ கணக்கு மட்டுமே. கார்னோ சுழற்சியைப் படம் வரைந்து 10 மதிப்பெண் வாங்குகிறோம். நம் தெருவில் நிற்கும் வண்டியின் பானட்டைத் திறந்து பார்ப்பதில்லை. இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே பாலம் போடுவது யார் கடமை? பட்டறைத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் என்னைப் போன்றவர்களின் கடமைதான். நம் கல்லூரியில் அப்படிப்பட்டவர்களே அதிகம்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் இயற்பியல் துறை மாணவர்கள் ஒரு பாரமானியை எடுத்துக்கொண்டு போடியிலிருந்து போடிமெட்டு வரை சென்று, இடத்துக்கு இடம் காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து வர வேண்டும். ஆய்வக ஏட்டில் எழுதும் பயிற்சிகளுள் அதையும் ஒன்றாக்கலாம். நம் மலையின் கணக்கு நம்மிடமே இருக்கட்டும்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஜீப், வாடகைக் கார் ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் நம் கல்லூரிக்கு அழைத்து, எளிய தமிழில் பிரேக் வெப்பம், கியர், பாரம் ஆகியவை பற்றிப் பேச வேண்டும். அவர்கள் பேசுவதையும் நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்ற ஒரு செய்தி ஊர் முழுதும் பரவினாலே அந்த நாள் வீண்போகாது.

மூன்றாவது, டர்போவில் உண்மையான ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. போடி அரசு பொறியியல் கல்லூரியும் ஐ.டி.ஐ. மாணவர்களும் நாமும் சேர்ந்து, பழைய எஞ்சின் ஒன்றைத் தரையில் மேடை கட்டி நிறுத்தி, அதில் டர்போவைப் பொருத்திச் சோதித்துப் பார்க்கலாம். பிஸ்டன் உடைந்தால் உடையட்டும். அங்கே யாருடைய தலையும் உடையாது. அப்படிக் கற்றவர்களிலிருந்து நாளை கோவைக்காரர்களுக்கு நிகரான பொறியாளர் ஒருவர் நம் பள்ளத்தாக்கிலும் தோன்றக்கூடும்.

பழைய சிறு கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். டர்போவுக்கென்று சேர்த்த பணம் கையில் இருந்தால், அதில் முதலில் நான்கு நல்ல டயர்களையும் புதிய பிரேக் லைனிங்கையும் வாங்குங்கள். மீதியை வீட்டில் கொடுங்கள். வண்டி எவ்வளவு விரைவாக மேலே போயிற்று என்று நம் வீட்டில் யாரும் கேட்பதில்லை. இருட்டுமுன் கீழே வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்கிறார்கள்.